செங்கோட்டையில் ஒரு காமிக்ஸ் கடை: தேடிப் போக வேண்டிய இடம்

செங்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பெயர்ப் பலகை கிடையாது; சைக்கிள் கடையை ஒட்டிய நீலக் கதவு. நான் மின்வாரியத்தில் வயர்மேன். நான்கு ஆண்டுகளாகச் சம்பளம் வந்த வாரம் இந்தப் பழைய புத்தகக் கடைக்குப் போய்விடுகிறேன்.

கடைக்கார அண்ணாச்சி அடுக்கியிருக்கும் விதத்துக்காகவே போகலாம். சூப்பர்மேனுக்கு ஒரு கட்டு, பேட்மேனுக்கு ஒரு கட்டு. இருவரும் சேர்ந்து வரும் இதழ்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக இருக்கும். அந்த நடு அடுக்கு எப்போதும் மெலிந்தே கிடக்கும்.

ஒரே உலகத்தில் இத்தனை சூப்பர் ஹீரோக்கள் இருந்தும் ஒருவன் அடிபடும்போது மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? நிலநடுக்கத்தில் சிதைந்த, பேட்மேனின் ஊரான கோத்தம் நகரை அரசே கைவிடும் 1999ஆம் ஆண்டுத் தொடரில், சூப்பர்மேன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். எனக்கு மனம் ஆறவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"இதைப் படியுங்கள் தம்பி" என்று 1963இல் வந்த ஸ்பைடர்மேன் முதல் இதழின் மறுபதிப்பைத் தந்தார். ஸ்பைடர்மேனாக வரும் இளைஞன் பீட்டரின் பெரியப்பா இறந்த வீடு. பெரியம்மா நகையை அடகு வைக்கிறாள். சம்பளம் கிடைக்கும் என்று நம்பி ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோ குழுவில் சேரப் போகிறான் பீட்டர். அங்கே சம்பளமே கிடையாது என்றதும் வெளியேறிவிடுகிறான். அடகு நகையை அவன் ஒருவன்தான் மீட்க வேண்டும்.

கோத்தம் எனக்குப் புரிந்தது புளியரையில். காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்த இரவு அது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் கேரள மின்வாரிய ஆட்கள் இருக்கிறார்கள். சேர்ந்து டீ குடித்த நண்பர்கள். ஆனாலும் எங்கள் கம்பியில் அவர்களைக் கை வைக்க விடமாட்டோம். எந்த லைனில் மின்சாரம் ஓடுகிறது என்று தெரியாதவன் தொட்டால் உயிர் போய்விடும். கோத்தமில் எந்தத் தெருவில் என்ன ஓடுகிறது என்று அறிந்தவர் பேட்மேன். எல்லாரும் வந்துவிட்டால் கதை மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதும் உண்மைதான்.

விலை நியாயம், மறுபதிப்பை நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார். ஆடிச் சாரலில் மட்டும் தாள்கள் ஈரம் கோத்து, பின்கள் துருவேறிவிடுகின்றன. வாங்கும் முன் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பார்த்ததை எடுத்த கட்டிலேயே வையுங்கள். அண்ணாச்சிக்குக் கண் மங்கி வருகிறது.