ட்ரோன் வேலைக்குத் தனி ஆளா, இரண்டு பேரா?

ட்ரோன் தொழிலில் இறங்குகிறவர்கள் எந்த மாடல் வாங்கலாம் என்று நிறைய அலசுவார்கள். எத்தனை பேராகக் களத்துக்குப் போவது என்ற கேள்வி முதல் ஆர்டர் வந்த பிறகுதான் எழும். நாங்கள் தனி ஆளாகவும் போய்ப் பார்த்துவிட்டோம். இப்போது ட்ரோனை ஓட்டும் பைலட், அதைக் கண்ணால் கவனித்துக்கொண்டே நிற்கும் அப்சர்வர் என இரண்டு பேர் இல்லாமல் கிளம்புவதில்லை.

தனி ஆளின் வசதி தெரிந்ததே: ஒரு சம்பளம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். திறந்தவெளியில் மேப்பிங் (மேலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரிப்பது) என்றால் ஒருவரே போதும்; போட்டுக் கொடுத்த பாதையில் ட்ரோன் தானே பறந்து படமெடுக்கும், பைலட் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அமெரிக்காவில் வணிக ட்ரோன்களுக்கான பார்ட் 107 விதிகூட அப்சர்வரைப் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. ட்ரோன் கேமரா காண்பதையே கண்முன் காட்டும் எஃப்பிவி கண்ணாடி மாட்டிப் பறக்கவிட்டால்தான் வேண்டும்.

ஆனால் டவர் போன்றவற்றில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பைலட்டின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான். டவரில் துருப்பிடித்த போல்ட்டைப் படமெடுக்கும்போது ஃபோகஸ், ஜிம்பல் (கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) கோணம் எல்லாம் திரையில்தான். ட்ரோனுக்குப் பின்னால் போகும் ஸ்டே கம்பி (டவரை இழுத்துப் பிடிக்கும் கம்பி) அந்தத் திரையில் வராது. தடையை உணரும் சென்சார் இருந்தாலும் மெல்லிய கம்பியை அது கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. சரி, அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்றால், வெயிலில் அந்தச் சின்னப் புள்ளியை வானத்தில் தேடிப் பிடிக்கவே சில நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 4 நொடி போனால் 20 மீட்டர். ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கும் அப்சர்வர் "நில்" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

அப்புறம், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். ட்ரோன் மேலே போனதும் "இது எவ்வளவு தூரம் போகும்?" என்று நேராக பைலட்டிடம்தான் வருவார்கள். அவர்களை லேண்டிங் இடத்திலிருந்து தள்ளி நிறுத்திப் பொறுமையாகப் பதில் சொல்வதும் அப்சர்வரின் பொறுப்பு.

இதெல்லாம் நடக்க, பறக்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எங்களிடம் "நில்" என்றால் பைலட் காரணம் கேட்காமல் ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிடுவார். ஜிபிஎஸ் சரியாக இருந்தால் ட்ரோன் வேகம் தணிந்து அந்தரத்தில் நின்றுவிடும். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். கையில் ஃபோனை நோண்டிக்கொண்டு நிற்கும் அப்சர்வரை நம்புவதைவிடத் தனியாகப் போவதே மேல்.

மருந்து தெளிப்பு எங்கள் கை அதிகம் படாத வேலை. பார்த்த வரையில் அங்கே இரண்டு பேரும் போதாது. 10 லிட்டர் டேங்க் சில நிமிடங்களில் காலியாகிவிடும். மருந்து கலக்கவும் பேட்டரி மாற்றிச் சார்ஜ் போடவும் மூன்றாவது கை வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஆளாக யாரை எடுப்பது? குறைந்த கூலிக்கு உதவியாள் கிடைப்பார்தான். நான் கூடக் கொடுத்தாவது லைசென்ஸ் உள்ள இன்னொரு பைலட்டையே எடுப்பேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் ரிமோட்டையும் கைமாற்றிக்கொண்டால் மாலை வரை இரண்டு பேரும் தெளிவாக இருப்பார்கள்.