அபிநயம் படிப்பவர்கள் ஆஸ்டா நீல்சனைப் பாருங்கள், இலவசமாக

சேலம் அஸ்தம்பட்டியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். அடவு, அதாவது கை கால் அசைவு, எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும், முகத்தில் பாவம் காட்டும் அபிநயம்தான் பாடாய்ப் படுத்தும். "சோகத்தைக் காட்டு" என்றால் புருவத்தை ஏற்றி, உதட்டைப் பிதுக்கி நிற்பார்கள். இவர்களுக்குப் போட்டுக்காட்ட ஏதாவது தேடியபோது அகப்பட்டது டேனிஷ் திரைப்பட நிறுவனத்தின் ஸ்டும்ஃபில்ம் தளம். டென்மார்க்கின் மௌனப் படங்களை டிஜிட்டலாக்கி, காசு வாங்காமல் போட்டிருக்கிறார்கள். டேனிஷ் தெரியாவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் டேனிஷ் நடிகை ஆஸ்டா நீல்சன் கதாநாயகியாக நடித்த 'ஆஃப்குரூண்டன்' பாருங்கள். நாற்பது நிமிஷம்கூட வராது. பியானோ டீச்சர் மக்தா, நிச்சயமான பாதிரியார் மகனை விட்டுவிட்டு சர்க்கஸ்காரனோடு ஓடிப்போகிறாள். அவன் வேறு பெண்ணிடம் போகிறான். கடைசியில் அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறாள். கதை இவ்வளவுதான்.

ஆனால் போலீஸ் அவளை அழைத்துப்போகும் அந்தக் கடைசிக் காட்சி இருக்கிறதே! அழுகை இல்லை, கையை விரித்துக் கதறுவது இல்லை. உடம்பு விறைத்திருக்கிறது, கால் மட்டும் நகர்கிறது. பார்வை யார் மேலும் நிற்கவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மாணவி, "டீச்சர், அவங்க ஒண்ணுமே பண்ணலையே, எனக்கு ஏன் தொண்டை அடைக்குது?" என்று கேட்டாள். நான் வருஷக்கணக்காக வாயால் சொல்லி வந்தது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

இந்தப் படம் கோபன்ஹேகனில் வெளியானது 1910 செப்டம்பர் 12. ஆஸ்டாவுக்கு முந்தின நாள்தான் 29 முடிந்திருந்தது. நம் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ தொடங்க இன்னும் 25 வருஷம் இருக்கிறது! அதுவரை நாடக மேடையில் பெரிய வேஷம் அமையாத நடிகை, இந்த ஒரு படத்தால் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டார். படத்தின் இயக்குநர் உர்பன் காட் என்பவரையே பிற்பாடு மணந்தார். ஜெர்மனிக்குப் போய் சுமார் எழுபது படங்களில் நடித்தார், சொந்தக் கம்பெனி வைத்து 1921இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இளவரசன் ஹாம்லெட்டாகவே வேஷம் கட்டினார். பேசும் படம் ஒன்றே ஒன்று, 1932இல். நாஜி ஆட்சியில் தாய்நாடு திரும்பியவர், வயதான காலத்தில் துணித் துண்டுகளை ஒட்டிச் சித்திரம் செய்தார். 1972இல் மறைந்தார்.

தளம் டேனிஷ் படங்களுக்கானது என்பதால் அவருடைய ஜெர்மன் படங்கள் எல்லாம் இங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹாம்லெட்டைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் கௌச்சோ (தென் அமெரிக்க மாடு மேய்ப்பவர்) நடனம் ஒன்று வருகிறது. மக்தா அந்த சர்க்கஸ்காரனைக் கயிற்றால் கட்டிவிட்டு இடுப்பாலும் முதுகாலும் உரசியபடி சுற்றிவருவாள். அந்தக் காலத்திலேயே ஸ்வீடனிலும் நார்வேயிலும் தணிக்கையில் சிக்கிய காட்சி. என்னைக் கேட்டால் அபாரமான நடனம், ஆடும் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இருப்பதைப் பாருங்கள். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுகிறேன்.

போனில் பார்க்காதீர்கள். படம் பெரும்பாலும் தள்ளி நின்று எடுத்தது, முகம் கடுகளவுதான் தெரியும். டிவியில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.