பெரிய பைனாகுலரைச் சுமப்பது: மார்பிலா, முதுகுப்பையிலா?

அமெரிக்காவின் தென் அரிசோனாவிலுள்ள சான்டா ரீட்டா, சிரிக்காவா மலைகளில் கூஸ் மானைத் தேடிச் செல்பவருக்கு நடக்கும் நேரத்தைவிட உட்கார்ந்து பார்க்கும் நேரமே அதிகம். வெள்ளைவால் மானின் சிறிய கிளையினமான இதில் வளர்ந்த ஆண்கூட ஏறத்தாழ 45 கிலோதான் இருக்கும். அதன் சாம்பல் நிற உடல் ஓக் மரநிழலிலும் காய்ந்த புல்லிலும் அப்படியே கரைந்துவிடும். அதனால்தான் இங்கே 15×56 அளவுள்ள (பதினைந்து மடங்கு பெருக்கமும் 56 மில்லிமீட்டர் முன்வில்லைகளும் கொண்ட) பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் துழாவுகிறார்கள். அந்தக் கருவி 1.2 முதல் 1.3 கிலோ வரை எடையும் ஏறக்குறைய ஒரு சாண் நீளமும் கொண்டது. முகாமிலிருந்து முகட்டுவரை அதை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் வேட்டைக்காரர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்: தோள்வார்களில் தாங்கும் மார்புப்பை ஒரு வழி, முதுகுப்பைக்குள் மெத்தென்ற உறை மற்றொரு வழி. முதல் இரண்டு வேட்டைப் பருவங்களில் மார்புப்பையை வைத்திருந்துவிட்டு முதுகுப்பைக்கு மாறியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்துப்பட்டையில் தொங்கவிடுவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இந்த எடையைக் கழுத்து ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

மார்புப்பையின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை: கை வைத்தவுடன் கருவி கிடைக்கும், மூடி தூசியைத் தடுக்கும், எடை இரண்டு தோள்களுக்கும் பகிரப்படும். 10×42 அளவுள்ள பைனாகுலருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் 56 மில்லிமீட்டர் வில்லைகள் கொண்ட கருவி உள்ளே போனவுடன் பையோடு சேர்ந்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. அது மார்பிலிருந்து முன்னே துருத்தி நிற்பதால், சரளைக்கல் சரிவில் இறங்கும்போது அடுத்த காலடி எங்கே விழுகிறது என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. கையூன்றி ஏற வேண்டிய இடங்களில் பாறைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அது முட்டிக்கொள்கிறது. ஏறும்போது எழும் வியர்வையின் ஆவி பைக்குள்ளேயே தங்கி, விடியற்காலைக் குளிரில் கருவியின் கண்வில்லைமீது படிகிறது. ஆவி படியாமலிருக்கக் குழலுக்குள் நிரப்பிய நைட்ரஜன் உட்புறத்தைத்தான் காக்கும், வெளிப்புறத்தை அன்று. காந்த மூடியுள்ள பையை அணிந்திருப்பவர்கள் திசைகாட்டியை அதன் அருகில் வைத்துப் படிக்கக் கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

முதுகுப்பைக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியக் குறை, தேவைப்படும்போது கருவியை எடுக்கத் தாமதமாகும் என்பது. எடுத்துப் பொருத்த ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து மடங்கு பெருக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க முடியாது. இதயத் துடிப்பே காட்சியை ஆட்டிவிடும். எப்படியும் உட்கார்ந்து முக்காலியை விரித்தே ஆக வேண்டும் என்னும்போது, மார்பிலிருந்து உடனே எடுப்பதால் மிச்சமாவது எதுவுமில்லை. நடக்கும்போது திடீரென்று ஓடும் மானைப் பார்க்க, சிறிய பைனாகுலர் ஒன்று மார்பில் இருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் தாண்டி என் முடிவைத் தீர்மானித்தது இரு குழல்களின் நேரொழுங்கு. இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஓர் அடி பட்டு உள்ளிருக்கும் பட்டகமோ முன்வில்லையோ மயிரிழை நகர்ந்தாலும் அந்த ஒருமை கெடும். எட்டு மடங்கில் யாரும் உணராத பிசகு, பதினைந்து மடங்கில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். இதில் மோசமானது, சிறிய பிசகைக் கண்தசைகள் தாமாகவே ஈடுகட்டிவிடுவதால் காட்சி தெளிவாகவே இருக்கும் என்பதுதான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கண்ணும் தலையும் வலிக்கும். அதற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டு, மான் நிற்கும் சரிவை அரைகுறையாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம்.

எனக்கு இது நேர்ந்தது, வருத்தத்தோடு சொல்கிறேன், முதுகுப்பைக்கு மாறிய முதல் பருவத்தில்தான். பைனாகுலரைப் பையின் வெளிப்புறப் பாக்கெட்டில், முக்காலியில் மாட்டும் உலோகக் குமிழைக் கழற்றாமல் வைத்திருந்தேன். பாறையில் சாய்த்து வைத்த பை ஒரு மீட்டர்போலச் சரிந்து விழுந்தது. கருவியின் ரப்பர் உறையில் ஒரு கீறலும் இல்லை. நடுக்கீலில் துருத்தி நின்ற குமிழ் பாறையில் மோதி, அடியை நேரே உள்ளே கடத்தியிருக்கிறது. மறுநாள் முழுவதும் இடது புருவத்துக்கு மேல் வலி இருந்தது. பழுதுபார்க்க அனுப்பிய கருவி ஏழு வாரம் கழித்துத் திரும்பியபோது பருவம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வைக்கும் முறையை மாற்றினேன். குமிழைக் கழற்றிவிடுகிறேன், கருவியை உறையிலிட்டு, முன்வில்லைகள் கீழே இருக்கும்படி, முதுகை ஒட்டிய மேற்பகுதியில் நிறுத்தி, சுற்றிலும் பஞ்சு ஜாக்கெட்டைத் திணிக்கிறேன். பையை எங்கே இறக்கினாலும் நிற்க வைப்பதில்லை, படுக்க வைக்கிறேன். மார்பில் இருக்கும் கருவிக்கு இந்தப் பாதுகாப்பைத் தர வழியில்லை. குப்புற விழுந்தால் உடல் எடை முழுவதும் அதன்மீதுதான் இறங்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரு சோதனையும் செய்கிறேன்: பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, தொலைவிலுள்ள வீட்டுக் கூரையின் கிடைக்கோட்டைப் பார்த்தபடியே தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால், ஒரு கட்டத்தில் காட்சி இரண்டு வட்டங்களாகப் பிரியும். இரு வட்டங்களிலும் கூரைக்கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்; ஒன்றில் படியிறங்கித் தெரிந்தால் கருவி பழுதுக்குப் போக வேண்டியதே. பக்கவாட்டுப் பிசகைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மேல்கீழ்ப் பிசகை அவ்வளவாகப் பொறுக்காது.

வில் வேட்டையில் என் அனுபவம் ஒரே ஒரு ஜனவரிப் பருவத்தோடு நின்றுவிட்டது. ஆனால் பெரிய மார்புப்பையில் நாண் உரசும் வாய்ப்பு உண்டு என்பதை அப்போதே நேரில் கண்டேன். நாள்கணக்கில் மழை பெய்யும் காடுகளில் நான் வேட்டையாடியதில்லை. அங்கே ஈரமான முதுகுப்பையைத் திறந்து மூடுவது எவ்வளவு தொல்லை என்பதை அங்கே நடந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு பைனாகுலர் வாங்க வசதியில்லாமல் 12×50 ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்திருப்பவர்கள் மார்புப்பையையே வாங்கலாம். அந்த அளவைச் சிறிது நேரம் கையில் பிடித்தும் பார்க்க முடியும் என்பதால், உடனே எடுக்கும் வசதி அவர்களுக்கு உண்மையாகவே பயன்படும்.