பி3 என்றால் எல்லாம் ஒன்றா? கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடை அனுபவம்

கோயில், கல்யாணம், ரயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரு மருந்துக்கடை.

என் கணவர் பிரிஸ்பேனில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்குத் தோல் புற்றுநோய் வந்துவிடும் என்பார்கள். இவர் நெற்றியில் இருந்தவை அதற்கு முந்தைய நிலையான சொரசொரப்புத் திட்டுகள். அதற்கு ஒளிச் சிகிச்சை செய்தார்கள். களிம்பு பூசி, மூடிவைத்து, மூன்று மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கைக் காட்டுவார்கள். கெட்ட செல்கள்தாம் களிம்பை அதிகம் உள்வாங்கும். ஒளி பட்டதும் அவை அழியும். கூடவே தினம் இரண்டு வேளை 500 மில்லிகிராம் நிகோடினமைடு மாத்திரை; அது வைட்டமின் பி3-இல் ஒரு வகை. சிட்னியில் 386 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமா என்ற கொடிய வகை அல்லாத புதிய தோல் புற்றுகள் ஓராண்டில் 23 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஆகவே, பயணம் நீண்டு மாத்திரை தீர்ந்ததும் பழைய அட்டையோடு தம்பியைக் கடைக்கு அனுப்பினோம்.

"பி3 தானே, எல்லாம் ஒன்றுதான். கம்பெனிதான் வேறு" என்று சொல்லி, கத்தரிக்கோலால் வெட்டிப் பத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி, வெட்டிய அட்டையில் மருந்தின் பெயர் பாதிதான் மிச்சம்.

போட்டு அரை மணி நேரம் ஆகவில்லை. முகம், காது, கழுத்து எல்லாம் பீட்ரூட் நிறம். உடம்பெல்லாம் எரிகிறது என்கிறார். பெரியம்மா சாம்பார்க் காரத்தின் மேல் பழியைப் போட்டார். அம்மா, "மாப்பிள்ளை மேல் ஊர்க் கண்ணே பட்டுவிட்டது" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அடுப்பில் மிளகாய் நெடி கிளம்பவில்லை என்பதால் கண்ணேறு உறுதியானது.

ஒருவழியாக எரிச்சல் அடங்கியது. சாயங்காலம் தோல் மருத்துவரிடம் போனோம். அதே பழைய பெஞ்சு, அதே டோக்கன், பெயரைத் தப்பாகக் கூப்பிடும் அதே கம்பவுண்டர். இருந்தாலும் அன்றைக்கே பார்க்க முடிந்தது. பிரிஸ்பேனில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மருத்துவர் அட்டைத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "இது நிகோடினிக் அமிலம். இதுவும் பி3 தான். ஆனால் தோலில் உள்ள ரத்தக்குழாய்களை விரித்துவிடும். நிகோடினமைடு அப்படிச் செய்யாது" என்றார். அடுத்து அவர் கேட்டது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: "ஒளிச் சிகிச்சைக்கு முன் வைட்டமின் டி கொடுத்தார்களா?"

கொடுக்கவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அதைச் சோதித்திருக்கிறார்களாம். தினம் 10,000 யூனிட் வீதம் ஐந்து அல்லது பதினான்கு நாள் கொடுத்துவிட்டு ஒளியைக் காட்டியபோது, முகத்துத் திட்டுகளில் சுமார் 72 சதவீதம் மறைந்தன. வைட்டமின் கொடுக்கப்படாதவர்களுக்குச் சுமார் 54. அந்த வைட்டமின் கெட்ட செல்களில் ஒளிக்கு எரியும் பொருளை அதிகம் சேரவைக்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். "சிறிய ஆய்வு. புற்றுக்கே இது பலிக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் பாக்கெட்டை இங்கே தினமும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்" என்று சலித்துக்கொண்டார். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, எங்களுக்கு இவ்வளவு விளக்கம். பிரிஸ்பேனில் கணினித் திரையைப் பார்த்தபடியே பேசி அனுப்பிவிடுவார்கள்.

சரியான மாத்திரை மறுநாள் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது, அதுவும் மருத்துவர் சொல்லி வைத்ததால்.

மீதி மாத்திரைகளோடு அந்தக் கடைக்கு நானே போனேன். பணத்துக்காக அல்ல, இன்னொருவருக்கு இப்படிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கல்லாவில் இருந்தவர் கேட்டார்: "பில் இருக்கிறதா அக்கா? பில் இல்லாமல் திரும்ப எடுக்க மாட்டோம்." பில்லே கொடுக்காத கடை அது.