பழைய ஆவணங்களை ‘குரூப் வாரியாகப் பூட்டி’ இணையத்தில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பழைய போட்டோ, பத்திரம், ஒலிப்பதிவு என்று சேர்த்து வைத்திருக்கிற நூலகங்களும் அறக்கட்டளைகளும் நிறைய உண்டு. அவற்றை ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றி, யார் எதைப் பார்க்கலாம் என்று குரூப் வாரியாகப் பூட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனி சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் பணம் வாங்கிவிட்டார்கள். பூட்டு மட்டும் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுடையது சின்ன சேகரிப்பு. கோட்டை, லாங் பஜார் பழைய படங்கள், 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றிய மலர்கள், துண்டறிக்கைகள் இவற்றையெல்லாம் ஊருக்கே திறந்து வைக்கலாம். சிக்கல் மற்ற இரண்டில்தான். ஆம்பூர், பேரணாம்பட்டு டேனரித் தொழிலாளர்களிடம் எடுத்த பேட்டிகளில் முதலாளி பெயர், கூலி, வாங்கிய கடன் எல்லாம் வரும். பேசியவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். எனவே அவை பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்களுக்கு மட்டும். அப்புறம், சில குடும்பங்கள் கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரங்கள். அவற்றை எங்கள் ஆவணக் குழு மட்டும் பார்க்கும், வெளியாருக்குக் காட்ட வேண்டுமானால் கொடுத்தவரைக் கேட்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கியவை.

கம்பெனியிலிருந்து வந்த தம்பி நன்றாகவே பேசினார். “சார், இது எங்க சொந்த சாஃப்ட்வேர். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்களுக்குத்தான் திறக்கும்.” ஆண்டு லைசென்ஸ் 40,000 ரூபாய், ஒவ்வொரு குரூப்புக்கும் 5,000 தனி. குரூப்புக்கு எதற்குக் காசு என்று எங்கள் பொருளாளர் கேட்டதற்கு, “ஒவ்வொண்ணும் தனி கோடிங் சார்” என்றார். மாவட்டத்துக்கு ஒரு குரூப் போடலாமே என்று யோசனை வேறு. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. எங்களிடம் இருப்பதில் பாதிக்கு மேல் அதற்கெல்லாம் முந்தைய காகிதம். போளூர் பத்திரமும் வாலாஜா பத்திரமும் அன்று ஒரே மாவட்டம். ஆவணம் எந்த ஊருடையது என்பது வேறு, அதைப் பார்க்க வருபவர் யார் என்பது வேறு, குரூப் என்பது ஆளுக்குத்தான். இதை அவருக்குப் புரிய வைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. குரூப் கூடினால் பில்லும் கூடும் என்பதால் அவர் புரியாத மாதிரி இருந்தாரோ என்னவோ.

ஒப்படைக்கிற அன்று, லாகின் செய்யாமல் ஒரு பேட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டினார். பாஸ்வேர்ட் கேட்டது. பத்திரத்துக்கும் அப்படியே கேட்டது. முழுப் பணமும் கொடுத்தோம்.

சில மாதம் கழித்து, பத்திரம் கொடுத்த குடியாத்தம் பெரியவர் நேரில் வந்தார். அவருடைய பங்காளி வீட்டு வாட்ஸ்அப்பில் அந்தப் பத்திரம் போய்க்கொண்டிருக்கிறது. “எழுதி வாங்கிட்டுத்தானேய்யா குடுத்தேன்?” என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் காட்டிய லிங்க்கை என் போனில் தொட்டேன். லாகின் எதுவும் கேட்காமல் முழு பிடிஎஃப்பும் திறந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தால், “லிங்க்கை யார் சார் வெளியே விட்டது? அது உங்க யூசர் தப்பு” என்கிறார்கள். சரிசெய்ய ‘செக்யூரிட்டி மாட்யூல்’ தனியாக வாங்க வேண்டுமாம்.

கல்லூரி நூலகம் ஒன்றில் இதே வேலை பார்க்கும், எங்களுக்குத் தெரிந்த பெண் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது டி-ஸ்பேஸ் என்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நூலகமும் எச்பி கம்பெனியின் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கி 2002-இல் வெளியிட்ட, ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைப்பதற்கான திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், லைசென்ஸ் கட்டணமே கிடையாது. குரூப் உருவாக்குவது அட்மின் பக்கத்தில் பெயரைத் தட்டிச் சேமிக்கிற வேலை. கோடிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நிறுவித் தரவும் பராமரிக்கவும் கூலி வாங்கினால் அது நியாயம்தான். லோகோவை மாற்றி ஒட்டி, தன் சொத்து என்று ஆண்டுதோறும் லைசென்ஸ் வாங்குவதைத்தான் ஏமாற்று என்கிறேன். போதாததற்கு எங்களுக்குப் போட்டது 6-ஆம் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. எங்கள் ஒப்பந்தமே அதற்குப் பிறகுதான்.

பூட்டு ஏன் பூட்டவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுகிற இடம் இதுதான். டி-ஸ்பேஸில் கலெக்ஷன் (ஒரு தொகுப்பு), அதற்குள் ஐட்டம் (ஒரு ஆவணத்துக்கான பக்கம்), ஐட்டத்துக்குள் பைல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. ஐட்டத்தின் பக்கத்தைப் பூட்டினால் உள்ளே இருக்கிற பிடிஎஃப் தானாகப் பூட்டிக்கொள்ளாது. எங்களுக்குப் பூட்டியது பக்கத்தை மட்டும். வாசலில் காவலாளியை உட்கார வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை.

பைலுக்கு எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ‘ஆய்வாளர்’ குரூப்புக்குப் படிக்கும் அனுமதி என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த மென்பொருளில் அனுமதி கொடுக்கத்தான் முடியும், மறுக்கிற விதி என்று ஒன்று இல்லை. அனானிமஸ் என்று ஒரு குரூப் கூடவே வரும். லாகின் செய்யாதவர் உட்பட எல்லோரும் அதில் அடக்கம். அந்த அனானிமஸ் வரியை எடுக்காமல் ஆய்வாளர் வரியைச் சேர்த்தால், சேர்த்தும் ஒன்றுதான் சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான். திரையில் மட்டும் குரூப் பெயர் அழகாகத் தெரியும்.

நாங்கள் விடாமல் கேட்டதில், கலெக்ஷனின் இயல்பு அனுமதியை மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று மெயில் போட்டார்கள். அந்த மாற்றம் இனிமேல் ஏறுகிற ஐட்டங்களுக்குத்தான் படியும். ஏற்கெனவே ஏறியவை பழைய அனுமதியோடு அப்படியே கிடந்தன. அவற்றை மொத்தமாக மாற்ற வசதி இருக்கிறது, அதைத் தொடவே இல்லை. தேடலுக்காகப் பிடிஎஃப்பிலிருந்து உருவி வைக்கிற எழுத்துப் பைலும் சிறுபடமும்கூடத் தனித்தனிப் பைல்கள்தான். அவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும். பிடிஎஃப்பை மட்டும் பூட்டிவிட்டு, பத்திரத்தில் உள்ள வாசகம் முழுவதையும் எழுத்துப் பைலாக வெளியே விட்டால் என்ன பிரயோஜனம்?

இதைவிட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. ஸ்கேன் செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகளின் கணக்குகள் எல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டர் குரூப்பில் இருந்தன. அந்தக் குரூப்பில் இருப்பவரை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது. எதையும் பார்க்கலாம், எதையும் அழிக்கலாம். ஆவணம் ஏற்ற மட்டும் உரிமை தருகிற குரூப் ஒவ்வொரு கலெக்ஷனுக்கும் தனியாக வைத்துக்கொள்ளலாம், அதில் சேர்த்திருந்தாலே போதும். எங்கள் செயலாளருக்கோ அட்மின் கணக்கே தரவில்லை. கேட்டால் கம்பெனி விதியாம். அந்தக் கல்லூரி நூலகப் பெண் உள்ளே போய்ப் பார்த்ததே ஒரு மாணவரின் கணக்கு வழியாகத்தான்.

எங்கள் கட்டடத்துக் கணினிகளில் மட்டும் லாகின் இல்லாமல் திறக்கும் என்று ஒரு வசதிக்கும் காசு வாங்கினார்கள். இணைய இணைப்பின் எண் முகவரியை (ஐபி முகவரி) வைத்துத் தற்காலிகமாகக் குரூப்பில் சேர்க்கிற வசதி, அதுவும் மென்பொருளிலேயே இருப்பது. எங்கள் பிராட்பேண்டுக்கு நிலையான முகவரி கிடையாது என்று யாரும் விசாரிக்கவில்லை. முகவரி மாறியதும் எங்களுக்கே திறக்கவில்லை. பழைய முகவரி இப்போது யார் வீட்டுக்குப் போயிருக்கிறதோ, அவர்களுக்குத் திறக்கும்.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் முதலில் மென்பொருளின் உண்மையான பெயரையும் பதிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அட்மின் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைசித் தவணைக்கு முன்னால், பூட்டிய பைல் ஒன்றை லாகின் செய்து திறந்து, பைலின் லிங்க்கை எடுத்து, லாகின் இல்லாத வேறொருவர் போனில் போட்டுப் பாருங்கள். பக்கத்தின் லிங்க் அல்ல, பைலின் லிங்க். குரூப்புக்கு ஒரு சோதனைக் கணக்கு வைத்து, பழைய பைல் ஒன்றிலும் அன்று ஏற்றிய பைல் ஒன்றிலும் இதையே செய்யுங்கள். கம்பெனியை விட்டு விலகும்போது பைல்களோடு, எந்தப் பைல் எது என்கிற விவரங்களும் சேர்ந்து வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பென் டிரைவில் வந்தது எண் போட்ட ஒலிப்பதிவுகளும், அந்த எண்களோடு பொருந்தாத ஒரு எக்செல் ஷீட்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுக் கெடு உண்டு. பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இழுத்தடித்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

பத்திரங்களையும் பேட்டிகளையும் தளத்திலிருந்து முழுக்க இறக்கிவிட்டோம், போட்டோக்கள் மட்டும் இருக்கின்றன. பெரியவர் தன் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். கம்பெனியிடமிருந்து அடுத்த ஆண்டு லைசென்ஸுக்கு பில் வந்திருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.