இலையுதிர் காலப் புற்றரை வேலைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்

கடந்த ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு புற்றரைப் பராமரிப்பு நிறுவனத்தின் முகவர், மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் ஏற்படுத்துதல், புல்விதை தூவுதல், புல்வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களை அழிக்க நெமற்றோட் எனும் நுண்ணிய உருளைப்புழுக்களை விடுதல், செடிகளைக் கத்தரித்தல் ஆகிய அனைத்தையும் பனி விழுமுன் முடித்துத் தருவதாக உறுதியளித்து, முழுத் தொகையையும் பெற்றுச் சென்றார். ஏப்ரலில் பனி உருகியபோது, முன்வளவில் பாதிக்கு மேல் வெறும் மண்ணாகக் கிடந்தது. அதே நிறுவனத்தின் முகவர்கள் இப்போதும் எங்கள் தெருக்களில் வீடு வீடாகச் செல்வதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலைக்குச் சென்றிருந்த பகற்பொழுதில் அந்த நிறுவனத்தின் வேலையாட்கள் வந்து போயிருந்தார்கள். முறையான துளையிடும் இயந்திரம் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை ஆழத்திலிருந்து விரல் பருமனான மண் உருளைகளைப் பிடுங்கிப் புல்லின் மேலேயே விட்டுச் செல்லும். அவை மழையில் கரைய வாரக்கணக்காகும். எங்கள் வளவில் அப்படி ஓர் உருளையும் இருக்கவில்லை. ஆணிகளால் குத்திய புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. எங்களுடையதைப் போன்ற களிமண்ணில் அவ்வாறு குத்துவது, துளையைச் சுற்றியுள்ள மண்ணை மேலும் இறுக்கிவிடும். அன்றே தொலைபேசியில் கேட்டபோது, வசந்தத்தில் வித்தியாசம் தெரியும் என்றார்கள். இலையுதிர் கால வேலையின் பலன் மாதக்கணக்கில் பனிக்கடியில் மறைந்துகிடப்பதே இத்தகையவர்களுக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது.

விதையில் நடந்தது அதைவிட மோசமானது. கென்டக்கி புளூகிராஸ் என்ற பல்லாண்டுப் புல்லின் விதைக் கலவை என்று எழுதித் தந்திருந்தார்கள். அது இளஞ்சூடான மண்ணிலேயே முளைக்க 2 முதல் 4 வாரங்கள் எடுக்கும் என்பதால், தென் ஒன்ராறியோவில் ஓகஸ்ட் பிற்பகுதிக்கும் செப்ரெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் தூவுவதே வழக்கம். எங்கள் வளவிலோ விரைவிலேயே அடர்த்தியாகப் பச்சை தெரிந்தது. வேலிக்கருகில் அவர்கள் விட்டுச்சென்ற பையின் சீட்டில் பெரும்பங்கு ஓராண்டு ரைகிராஸ் என்று இருந்தது. மலிவான அந்தப் புல் எங்கள் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் புற்றரையின் அழகுக்காகப் பூச்சிகொல்லிகளைப் பயன்படுத்தத் தடை இருப்பதால், பலர் நெமற்றோட்டை நம்புகிறோம். அவை உயிருள்ளவை, வண்டுப் புழுக்கள் சிறியவையாகவும் மண் சூடாகவும் இருக்கும் கோடை இறுதியில் விட்டால்தான் பயன் தரும். ஒக்ரோபரில் அதற்குப் பணம் வாங்குவது வெளிப்படையான ஏமாற்று.

என் தாயார் நட்ட லைலக் பூச்செடியையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார்கள். அடுத்த மே மாதத்துக்குரிய மொட்டுகளை லைலக் முந்தைய கோடையிலேயே உருவாக்கிவிடும் என்பதால், பூ முடிந்தவுடன் கத்தரிக்க வேண்டுமே தவிர இலையுதிர் காலத்தில் தொடவே கூடாது. இந்த ஆண்டு அதில் ஒரு பூவும் இல்லை. பணத்தைவிட இதுவே எனக்கு அதிக வேதனை தந்தது.

வீட்டு வாசலில் செய்யப்படும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் எந்தக் காரணமும் கூறாமல் இரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் கோரும் விபரங்கள் பிரதியில் இல்லாவிட்டால், ஓராண்டு வரை இரத்துச் செய்யலாம். எங்களுக்குத் தந்த தாளில் வேலைத் திகதியோ நிறுவனத்தின் முகவரியோ இல்லாததால், அந்த விதியின் கீழ் இரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பணம் இன்னும் திரும்பவில்லை. மாகாண நுகர்வோர் பிரிவில் முறைப்பாடு செய்துள்ளேன். இதே அனுபவம் உள்ளவர்கள் ஒப்பந்தத் தாளையும் விதைப் பையின் சீட்டையும் எறிந்துவிடாமல், படங்களுடன் சேர்த்து முறைப்பாடு செய்யுங்கள்.