ஒரே 6.2 அங்குலத் திரை, இரண்டு தலைவிதி: வீ யூவும் ஸ்விட்சும்

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் நிண்டெண்டோ கம்பெனியின் இரண்டு கன்சோல்கள் (வீடியோ கேம் விளையாடும் பெட்டிகள்) இருக்கின்றன. ஒன்று வீ யூ. அத்தான் அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தது. இன்னொன்று நானே வாங்கிய ஸ்விட்ச். இரண்டிலும் வருஷக்கணக்கில் விளையாடியாயிற்று, அதனால் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. வீ யூ 2012 நவம்பரில் வந்தது, 2017 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது, உலகம் முழுக்க விற்றது 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சம். ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் தேதி வந்து 15 கோடியைத் தாண்டிவிட்டது. கம்பெனி ஒன்றுதான், மரியோவும் அதே மரியோதான். அப்படியிருந்தும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் அதற்கு என்ன காரணம் என்பதுதான் எனக்குப் பல நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி.

"கேம் சரியில்லை, அதனால் வீ யூ ஓடவில்லை" என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மரியோ கார்ட் 8 என்கிற ரேஸ் கேம் முதலில் 2014இல் வீ யூவுக்குத்தான் வந்தது. 84 லட்சம் பிரதி விற்றது. கன்சோல் வைத்திருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதாவது வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட வாங்கிவிட்டார்கள். அதே கேமைக் கொஞ்சம் சேர்த்து, கொஞ்சம் மெருகேற்றி 2017 ஏப்ரலில் டீலக்ஸ் என்று ஸ்விட்சுக்கு விட்டார்கள். 6 கோடிக்கு மேல் போய்விட்டது! அதே ரோடு, அதே வளைவு, அதே வாழைப்பழத் தோல். இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், சண்டை போடும் பகுதி டீலக்ஸில் நன்றாகவே மேம்பட்டிருக்கிறது, மற்றபடி ரேஸின் சுகம் ஒன்றேதான். ஆக, கேமில் குறை இல்லை. அந்த கேமைப் போட்டு விளையாட வைத்த பெட்டியில்தான் ஏதோ இருக்கிறது.

அந்தப் பெட்டியும் மோசமான பெட்டி இல்லை, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். வீ யூவோடு நிண்டெண்டோ லேண்ட் என்று ஒரு கேம் வந்தது. அதில் லூயிஜியின் பேய் பங்களா என்று ஒரு ஆட்டம். ஒருவர் கையில் கேம்பேட், அதாவது நடுவில் திரை உள்ள வீ யூவின் பெரிய கன்ட்ரோலர், அவர்தான் பேய். மற்ற நாலு பேர் கையில் முந்தைய கன்சோலான வீயின் பழைய ரிமோட், அவர்கள் டார்ச் லைட்டோடு டிவியைப் பார்த்துத் தேடுகிறார்கள். டிவியில் பேய் தெரியாது, கேம்பேடில் மட்டும்தான் தெரியும். பேய் பக்கத்தில் வந்தால் ரிமோட் அதிரும், தூரம் குறையக் குறைய அதிர்வு கூடும். போன பொங்கல் லீவில் அக்கா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன், நான், அத்தான் என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். அத்தான்தான் பேய். அக்காவின் சின்ன மகன் ரிமோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "மாமா, எனக்கு அதிருது, எனக்கு அதிருது, யாராச்சும் லைட் அடிங்க!" என்று கத்துகிறான். அவன் டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது, கேமுக்குள்ளே அப்படி ஒரு வசதி. அத்தான் சோபா மூலையில் சத்தமே இல்லாமல் கேம்பேடை மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலை மட்டும் அசைக்கிறார். நாங்கள் டிவியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம், எந்தப் பக்கம் போகிறார் என்று கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று. ஒரே அறையில் இருக்கிற ஐந்து பேருக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த கன்சோல் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது நான் இதை விளக்க எத்தனை வரி எடுத்தேன் என்று பாருங்கள். கேம்பேட் ஒன்று, ரிமோட் நாலு, டிவியில் தெரியாது, இதில் தெரியும், அதிரும்... என் பார்வையில் பிரச்சினையின் வேர் இங்கேதான். விளையாடிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரியும், விளையாடாதவருக்கு அரை மணி நேரம் சொன்னாலும் பிடிபடாது. கடையில் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற ஒரு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த அட்டைப் படம் எதையும் சொல்லாது. இதற்கு முன்னால் வந்த வீ எப்படி இருந்தது? ஒரு தாத்தா ரிமோட்டைக் கையில் பிடித்து வீசுகிறார், டிவியில் டென்னிஸ் பந்து பறக்கிறது. பார்த்தவுடனே முடிந்தது கதை. 10 கோடிக்கு மேல் விற்றது அது.

பெயர் வேறு சேர்ந்து கெடுத்தது. வீ ஏற்கனவே சக்கரம், துப்பாக்கிப் பிடி, ஏறி நின்று உடற்பயிற்சி செய்யும் பலகை என்று துணைக்கருவிகளால் நிறைந்த கன்சோல். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு 'யூ' போட்டு, 2011 இ3 வீடியோ கேம் கண்காட்சியில் கன்சோலை விடக் கேம்பேடையே முன்னால் நிறுத்திக் காட்டினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் இருக்கிற வீக்கு இது இன்னொரு துணைக்கருவி போல என்று நினைத்தார்கள். அந்தக் குழப்பம் நிலவுவதை அப்போதைய தலைவர் சடோரு இவாட்டாவே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 2014 ஜனவரியில், அந்த நிதியாண்டுக்கு 90 லட்சம் விற்போம் என்று போட்டிருந்த கணக்கை 28 லட்சமாகக் குறைக்க வேண்டி வந்தது. பழைய ரிமோட்டுகள் எல்லாம் வீ யூவில் வேலை செய்யும், எனக்கு அது பெரிய வசதி, நாலு ரிமோட் தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வசதியே இது பழசின் ஒட்டு என்கிற எண்ணத்தை இன்னும் பலப்படுத்தியிருக்கும்.

சரி, திரைக்கு வருவோம். ஸ்விட்சை வாங்கி வந்த அன்று கேம்பேடையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு திரையும் 6.2 அங்குலம். அளவு மாறவே இல்லை! வீ யூவில் கேம் ஓடுவது டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டியில், கேம்பேடுக்குப் படம் மட்டும் காற்றில் வருகிறது. டிவியை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நாம் கட்டிலில் படுத்து கேம்பேடில் விளையாடலாம், அது உண்மையிலேயே அருமையான விஷயம், செல்டா விண்ட் வேக்கர் என்கிற கேம் முழுவதையும் நான் அப்படித்தான் முடித்தேன். ஆனால் பெட்டியிலிருந்து 8 மீட்டர் போல, நடுவில் சுவர் வந்தால் அதுவும் இல்லை. கட்டுத்தறியில் கட்டிய கன்று மாதிரி கயிறு போகிற தூரம்தான் போகலாம். கேம்பேடின் பேட்டரியும் கம்பெனி கணக்குப்படியே 3இலிருந்து 5 மணி நேரம்தான்.

ஸ்விட்ச் செய்தது அந்தக் கயிற்றை அறுத்தது. பெட்டி முழுவதையும் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். 2016 அக்டோபரில் அவர்கள் விட்ட மூன்று நிமிடச் சொச்ச வீடியோவில் விளக்கம் சொல்ல ஆளே இல்லை. ஒருவன் வீட்டில் டிவியில் விளையாடுகிறான், நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும், டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து ஸ்விட்சை உருவி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது. வீ யூ முக்கால்வாசி தூரம் வந்து நின்ற யோசனையைத்தான் ஸ்விட்ச் முடித்து வைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு அது பெயர்க் குழப்பத்தை விடப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்தில் நிண்டெண்டோ கையடக்கத்துக்கு 3டிஎஸ், டிவிக்கு வீ யூ என்று இரண்டு குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக கேம் செய்ய வேண்டும், அதோடு உயர்தரப் படத்துக்கு முதல் முறையாக மாறியதால் ஒவ்வொரு கேமும் இழுத்துக்கொண்டே போனது. விளைவு, வீ யூ வாங்கியவர்கள் மாதக்கணக்கில் புது கேம் இல்லாமல் காத்திருந்தார்கள். கேம் செய்கிற மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு வருஷம் கழித்து வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4இல் (பிஎஸ்4) 8 ஜிபி மெமரி, வீ யூவில் 2 ஜிபி, அதிலும் பாதி சிஸ்டத்துக்கே போய்விடும், பிராசஸரும் வேறு வகை. விற்காத கன்சோலுக்காக யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? கேம் இல்லாததால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாததால் கேம் இல்லை. ஸ்விட்சில் இரண்டு குதிரையும் ஒன்றாகிவிட்டதால் மொத்தப் பட்டாளமும் ஒரே இடத்துக்கு கேம் செய்தது, வரத்து நிற்கவே இல்லை.

சக்திதான் ஜெயிக்க வைக்கும் என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். 2017இல் வந்த ஸ்விட்ச் 2013இல் வந்த பிஎஸ்4ஐ விடப் பலவீனமானது, ஆனால் விற்பனையில் அதைத் தாண்டிவிட்டது. பழுதும் கன்சோலைக் கொல்வதில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் பழுதாகிச் சிவப்பு வளையம் காட்டிச் செத்துப்போன கதை பலருக்கும் தெரியும், கம்பெனி 2007இல் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது, இருந்தும் அது நன்றாகவே விற்றது. ஸ்விட்சின் ஜாய்-கான் கன்ட்ரோலரில் இருக்கிற குச்சி தானாக நகர்கிற ட்ரிஃப்ட் பிரச்சினைக்கு வழக்கே போட்டார்கள், நிண்டெண்டோ தலைவர் 2020இல் மன்னிப்பும் கேட்டார், அது விற்பனையைத் தொடவே இல்லை. ஒரே வாக்கியத்தில் விளக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். சோனியின் பிஎஸ்2 எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் டிவிடி பிளேயர் வாங்க நினைத்த வீட்டில் "இதில் படமும் பார்க்கலாம்பா" என்று பிள்ளை அப்பாவிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தது. 15 கோடிக்கு மேல் போனது.

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அத்தான் கொண்டுவந்த வீ யூவின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது. நம் பிளக்கில் நேராகச் செருகினால் போச்சு, நான் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி அதன் வழியாகத்தான் ஓட்டுகிறேன், செங்கல் கனம். அதோடு ரீஜியன் லாக், அமெரிக்கப் பெட்டிக்கு அமெரிக்க டிஸ்க்தான். ஸ்விட்சின் அடாப்டர் 100இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், அநேகமாக எந்த நாட்டு கேம் கார்டும் ஓடும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் நம்மைப் போன்ற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

யாராவது இன்று செகண்ட் ஹேண்டில் வீ யூ வாங்க யோசித்தால் கேம்பேட் இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள், அது இல்லாமல் செட்டப் கூடச் செய்ய முடியாது, தனியாகக் கிடைப்பதும் அரிது. ஆன்லைன் கடையில் வாங்குவது 2023 மார்ச்சிலும், ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலிலும் நின்றுவிட்டது, அதனால் டிஸ்க்கோடு சேர்த்து வாங்குங்கள். 8 ஜிபி வெள்ளைப் பெட்டியை விட 32 ஜிபி கறுப்புப் பெட்டி மேல். ஒரே ஒரு கன்சோல்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் ஸ்விட்ச். வீ யூவின் நல்ல கேம்களில் பெரும்பாலானவை அதற்கு வந்தாயிற்று, மரியோ கார்ட் உட்பட.

ஆனால் நிண்டெண்டோ லேண்ட் ஸ்விட்சுக்கு வரவில்லை. அந்தப் பேய் ஆட்டத்துக்கு மற்றவர்கள் பார்க்க முடியாத இரண்டாவது திரை வேண்டும். அக்கா பிள்ளைகள் அடுத்த லீவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இந்த முறை சின்னவன்தான் பேயாம், இப்போதே போனில் சொல்லிவிட்டான். கேம்பேடை சார்ஜில் போட்டு வைக்க வேண்டும்.